கிருமி அழிந்தது, கை மீண்டதா?

இலங்கையில் தொழுநோய் ஒழிந்துவிட்டது என்னும் கூற்று 1995ஆம் ஆண்டு முதல் கேட்டுப் பழகிய ஒன்றாகிவிட்டது. சிகிச்சை பெறும் நோயாளர் தொகை பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலும் குறைந்த அவ்வாண்டில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற வகையில் அந்நோய் நீங்கிற்று என உலக சுகாதார தாபனத்தின் வரைவிலக்கணத்துக்கு அமையக் கொள்ளப்பட்டது. அவ்வெற்றி பொய்யன்று. 1983இல் கூட்டு மருந்துச் சிகிச்சை இந்நாட்டில் தொடங்கப்பட்டதும், அது இலவசமாக ஊர்தோறும் எடுத்துச் செல்லப்பட்டதும், சுகாதார ஊழியர் பலரின் உழைப்பும் அதற்குக் காரணங்களாகும். ஆயினும், 'பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற வகையில்' என்ற அடை காலப்போக்கில் உதிர்ந்து போக, 'ஒழிந்தது' என்ற வினைமுற்று மாத்திரம் எஞ்சி நிற்கிறது. ஒழிந்ததாகச் சொல்லப்படும் நோய், அதன் பின்னரும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் புதிதாகக் கண்டறியப்பட்டு வந்துள்ளது. அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பிள்ளை.

இவ்வெண்ணிக்கையைக் கணிக்கும் முறையிலேயே ஒரு பெருங்குறை ஒளிந்துள்ளது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மருந்து உட்கொண்டு முடித்தவரின் பெயர் சிகிச்சைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அன்றோடு அவர் நோயாளர் அல்லர். உடலில் இருந்த கிருமி அழிந்துவிட்டது என்ற அளவில் அது சரியே. ஆனால் கிருமி அழியுமுன் நரம்பைச் சிதைத்திருந்தால், அந்நரம்பை நம்பியிருந்த தசைகள் செயலிழந்திருந்தால், பெயர் நீக்கப்பட்டவர் மடங்கிய விரல்களோடு வீடு திரும்புகிறார். உலக நாடுகளின் அறிக்கைகளில் முதன்மையாக இடம்பெறும் ஊனக் கணக்கு, நோய் கண்டறியப்பட்ட நாளின் கணக்காகும். மருந்து முடிந்த நாளில் அந்தக் கை எந்நிலையில் இருந்தது, ஐந்து ஆண்டுகளின் பின் என்னாயிற்று என்ற வினாக்களுக்கு அவ்வறிக்கைகள் விடை கூறுவதில்லை. கையின் கணக்கு எழுதப்படாத வரை நோயின் கணக்கு முடிந்ததாகக் கொள்வது தவறு என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் பிரச்சினையன்று. தொழுநோய் இன்றும் கண்டறியப்படும் பிரதேசங்களுள் கிழக்குக் கரையும் ஒன்று. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அக்கரைப்பற்று எனத் தொடர்ந்து செல்லும் ஊர்களின் வாழ்வு கையை ஆதாரமாகக் கொண்டது. மருதமுனையின் தறியில் இழை அறுந்தால் பெருவிரலும் சுட்டுவிரலும் கூடினாலன்றி முடிச்சு விழாது. கரைவலை இழுப்பவனுக்குக் கயிற்றைப் பற்றும் பிடி வேண்டும். வயலில் கதிர் அறுப்பவனுக்கு ஒரு கையில் தாளும் மறு கையில் அரிவாளும் அடங்க வேண்டும். பன்பாய் பின்னும் பெண்ணுக்குப் பத்து விரலும் தனித்தனியே இயங்க வேண்டும். இத்தொழில்களுள் எதுவும் மடங்கிய கைக்கு இடம் தருவதில்லை.

தொழிலுக்கு அப்பாலும் கைக்கு ஓர் இடம் உண்டு. தொழுகைக்கு முன் வுழூச் செய்பவர் உள்ளங்கையைக் குழித்து நீரேந்த வேண்டும். விரல்களை ஒன்றுசேர்க்கும் சிறு தசைகள் செயலிழந்த கையில் நீர் நில்லாது, இடைவெளிகளினூடே ஒழுகிவிடும். கலியாண வீடுகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்பது இச்சமூகத்தின் அன்புக்கும் சமத்துவத்துக்கும் அடையாளமாகும். விரல் நுனிகளைக் கூட்டிச் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு செல்ல இயலாதவர் அந்த வட்டத்தில் அமரத் தயங்குகிறார். அவர் தயங்காவிடினும் அருகில் உள்ளவர் தயங்கக்கூடும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே அவரிடமிருந்து நோய் தொற்றும் வாய்ப்பு நீங்கிவிடுகிறது. எனினும் ஊர் கிருமியைக் காண்பதில்லை, கையையே காண்கிறது. கை மடங்கியிருக்கும் வரை ஊரின் கண்ணில் அவர் நோயாளரே.

கை ஏன் மடங்குகிறது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடுவது. தோலுக்கு அண்மையில் செல்லும் நரம்புகளே அதற்கு எளிதில் அகப்படுகின்றன. முழங்கையின் உட்புறத்தில், எலும்போடு ஒட்டித் தோலுக்குச் சற்றே கீழாகச் செல்லும் நரம்பு அவற்றுள் முதன்மையானது. அவ்விடம் எங்கேனும் இடிபட்டால் சுண்டுவிரல் வரை விறுவிறுப்பது யாவரும் அறிந்தது. அந்நரம்பு வீங்கிச் சிதையும்போது, உள்ளங்கைக்குள் அமைந்த சிறு தசைகள் வலுவிழக்கின்றன. விரலடி மூட்டை மடக்கி, விரலின் நடு மூட்டை நீட்டுவது அவற்றின் பணி. அவை ஓய்ந்ததும் விரலடி மூட்டு பின்னோக்கி வளைய, நடு மூட்டு உள்நோக்கி மடங்கி, கை பருந்தின் நகம் போலாகிவிடுகிறது. மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பும் கெட்டால் பெருவிரல் மற்ற விரல்களைச் சந்திக்க இயலாது போகிறது. இவற்றோடு உணர்ச்சியும் போய்விடுவதால், அடுப்பின் சூடும் அரிவாளின் வெட்டும் தெரியாமற் புண்கள் உண்டாகின்றன. புண் ஆறாமல் எலும்பு வரை சென்று விரல் குறுகுகிறது. நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டதற்கு இதுவே காரணம்.

அந்நம்பிக்கையின் மீதே பழைய ஏற்பாடுகள் யாவும் எழுப்பப்பட்டன. ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தளையில் தொழுநோயாளருக்கான இல்லத்தை அமைத்தனர். மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவிலும் பின்னர் தொழுநோய் வைத்தியசாலை ஒன்று உருவாயிற்று. அங்கே பணிபுரிந்தோரின் தொண்டு போற்றத்தக்கது. ஆயினும் தீவைத் தெரிந்தெடுத்ததன் பின்னால் இருந்த எண்ணம் யாது? நோயாளரை ஊரிலிருந்து நீரால் பிரித்துவிட்டால் ஊர் பிழைக்கும் என்பதே. அழுகும் உடலுக்கு அடைக்கலம் தரலாம், திருத்தம் செய்யவியலாது என்று மருத்துவ உலகமும் நம்பியிருந்த காலம் அது. தொழுநோயாளரின் தசை கெட்ட தசை, அதில் கத்தி வைத்தால் காயம் ஆறாது என்று சத்திரசிகிச்சை நிபுணர்களும் ஒதுங்கியிருந்தனர்.

அக்கருத்தை உடைத்த பெருமுயற்சி தமிழ் பேசும் மண்ணிலேயே நிகழ்ந்தது என்பதைத் தமிழ் மாணவர் பலர் அறியார். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட் என்னும் ஆங்கிலேயர், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சத்திரசிகிச்சை நிபுணராக வந்து சேர்ந்தார். மறு ஆண்டில், றொபர்ட் கொக்ரேன் பொறுப்பில் இருந்த செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்க்கச் சென்றபோது, மடங்கிய கையுடைய ஓர் இளைஞனிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு கேட்டார். பயனற்றது எனக் கருதப்பட்ட அந்தக் கை, வலிக்கும் அளவுக்கு அவரது கையை நெரித்தது. அப்பிடியே அவருக்கு விடையாயிற்று. உள்ளங்கையின் சிறு தசைகள் ஓய்ந்திருந்தாலும் முன்கையின் பெருந்தசைகள் முழு வலுவோடு இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் திசைதிருப்பினால் விரல்கள் மீளும் என்பதை அவர் உய்த்துணர்ந்தார். புண்ணுக்குக் காரணம் அழுகும் தசையன்று, வலி தெரியாமையே என்பதும் அவரது ஆய்வுகளால் தெளிவாயிற்று.

1948 அளவில் வேலூரில் தொடங்கிய சத்திரசிகிச்சையின் தத்துவத்தை இப்பிரதேசத்து விவசாயி எவரும் எளிதில் விளங்கிக்கொள்வார். ஒரு வாய்க்கால் தூர்ந்து வயல் காய்ந்தால், நீர் மிகுந்த அயல் வாய்க்காலிலிருந்து கிளை வெட்டி விடுவது வழக்கம். அயல் வயலுக்குக் குறை நேராத அளவுக்கு நீர் இருத்தல் வேண்டும் என்பதே அதற்குரிய நிபந்தனை. மணிக்கட்டைப் பின்னோக்கி உயர்த்தும் தசைகள் மூன்று உண்டு. அவற்றைச் செலுத்தும் நரம்பைத் தொழுநோய் பெரும்பாலும் தீண்டுவதில்லை. மூன்றில் ஒன்றை எடுத்தால் மற்றவை மணிக்கட்டைக் காத்துக்கொள்ளும். எடுத்த தசையின் நாணோடு காலிலிருந்து பெற்ற மெல்லிய நாணொன்றை இணைத்து நீட்டி, நான்கு கிளைகளாகப் பிரித்து, நான்கு விரல்களிலும் பொருத்துகின்றனர். பெருவிரலுக்கு, மோதிர விரலை மடக்கும் இரு நாண்களுள் ஒன்றை மாற்றிக் கொடுக்கின்றனர். அதன்பின் ஏறத்தாழ மூன்று கிழமை மாவுக்கட்டு. அதனைத் தொடர்ந்து பல கிழமைகள் இயன்மருத்துவப் பயிற்சி. மணிக்கட்டை உயர்த்தப் பழகிய தசை விரலை நீட்டுவதற்குப் புதிதாகப் பாடங் கற்க வேண்டும். அப்பாடம் இன்றேல் சத்திரசிகிச்சை வீண்.

நாண் மாற்றுதல் வேலூரில் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இளம்பிள்ளைவாதத்தாலும் போர்க்காயத்தாலும் செயலிழந்த உறுப்புகளுக்கு அதனை மேனாட்டார் முன்னரே செய்து வந்தனர். அதே சிகிச்சைக்குத் தொழுநோயாளரும் உரியவர் என்று செயலால் நிறுவியதே வேலூரின் சாதனை. 1955இல் கரிகிரியில் நிறுவப்பட்ட ஆய்வு நிலையமும், செங்கற்பட்டு நிலையமும் அவ்வறிவை வளர்த்துப் பல நாட்டு மருத்துவருக்கும் கற்பித்தன. 1954இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ் என்ற வைத்தியர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். பின்னர் 1966இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் எழவும் காரணராயினார். கால் இழந்த ஒருவர் பிறருக்குக் கை வழங்கிய இவ்வரலாறு தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறத் தகுதியுடையது.

பிராண்ட் நினைவுகூர்ந்த நிகழ்ச்சியொன்று இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. கை திருத்தப்பட்டு ஊர் சென்ற சிலர், சில காலத்தின் பின் துயரத்தோடு திரும்பி வந்தனர். மடங்கிய கைக்கு விழுந்த காசு நிமிர்ந்த கைக்கு விழவில்லை. தழும்பைக் கண்டவர் வேலையும் கொடுக்கவில்லை. இதனாலேயே 1951இல் கல்லூரி வளவில் புதுவாழ்வு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டு, சிகிச்சை பெற்றோருக்குத் தச்சு முதலிய தொழில்கள் பயிற்றப்பட்டன. கையை நிமிர்த்துவது சத்திரசிகிச்சை நிபுணரின் பணியாயின், நிமிர்ந்த கைக்கு வேலை தருவது ஊரின் பணியாகும். ஊர் அதனைச் செய்யாவிடின் மருத்துவம் தோற்கும்.

இனி, இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயங்களை ஆராய்வோர் நான்கினைக் காண்பர்.

முதலாவது, ஊனமுற்றோர் தொகை சிறிது. அவர்களுக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்வது வசதி குறைந்த நாட்டுக்கு ஏலாது என்பது. தொகை சிறிது என்பதே ஏற்பாடு எளிது என்பதற்கும் சான்றாகும் என்பதை இவ்வாதம் மறந்துவிடுகிறது. இச்சத்திரசிகிச்சைக்கு விலையுயர்ந்த பொறியோ இறக்குமதி செய்யும் உறுப்போ தேவையில்லை. பொருத்தப்படும் நாண் நோயாளரின் சொந்த நாண். தேவைப்படுவன பயிற்சி பெற்ற கண்ணும் கையும், பொறுமையுள்ள இயன்மருத்துவரும் ஆவர். அத்துடன் இது தொழுநோய்க்கு மாத்திரம் உரிய வித்தையுமன்று. வீதி விபத்தில் நரம்பு அறுந்தவருக்கும், தென்னையிலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து கையும் காலும் சோர்ந்தவருக்கும் இதே தத்துவம் பயன்படுகிறது. தோளின் பின்தசையைக் கொண்டு முழங்கையை நீட்டவும், மணிக்கட்டின் அசைவைக் கொண்டு பெருவிரலுக்குப் பிடி கொடுக்கவும் இயலும் என்பதைச் சுவீடனைச் சேர்ந்த எரிக் மோபேர்க் 1975இல் வெளியிட்ட ஆய்வால் உலகறியச் செய்தார். நரம்பையே இடமாற்றும் முறையும் பிற்காலத்தில் வளர்ந்துள்ளது. அது காலந்தாழ்த்தாது செய்யப்பட வேண்டியது. ஆகவே தொழுநோயாளருக்காக ஏற்படுத்தும் வசதி ஊர் முழுவதற்கும் உரிய வசதியாக அமையும்.

இரண்டாவது, வருமுன் காப்பதே சிறந்தது. ஆதலால் பணத்தை அதற்கே செலவிட வேண்டும் என்பது. முதற்பாதி மறுக்கமுடியாதது. நரம்பு பாதிக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் உரிய மருந்து கொடுத்தால், பலரது கையைக் கத்தியின்றியே காக்கலாம். ஆனால் அந்த ஆறு மாதத்தை அறிந்துகொள்வது எவ்வாறு? ஒவ்வொரு வருகையிலும் நோயாளரின் சுண்டுவிரலை விலக்கச் சொல்லியும், பெருவிரலை உயர்த்தச் சொல்லியும், உள்ளங்கையை மெல்லத் தொட்டும் சோதித்துக் குறித்து வந்தால் மட்டுமே அறியலாம். சத்திரசிகிச்சைக்குத் தகுதியானவரைத் தெரிந்தெடுக்கும் சோதனையும் அதுவே. கையைப் பார்க்கும் பழக்கம் உள்ள இடத்தில் காத்தலும் நடைபெறும், திருத்தலும் நடைபெறும். அப்பழக்கம் இல்லாத இடத்தில் இரண்டும் நடைபெறா. காத்தலைக் காரணங்காட்டித் திருத்தலை மறுப்போர், நேற்றே ஊனமடைந்தவருக்கு என்ன விடை வைத்துள்ளனர்?

மூன்றாவது, நிமிர்ந்த கைக்கும் உணர்ச்சி மீளாது. எனவே பயன் குறைவு என்பது. உணர்ச்சி மீளாது என்பது உண்மை. அதனை மறைப்பது நோயாளருக்குத் தீங்கு. நிமிர்ந்த கையையும் கண்ணால் காக்க வேண்டும். அகப்பைக்கு மரப்பிடி, அரிவாட்பிடிக்குத் துணிச்சுற்று, இரவில் புண் உண்டா என்று பார்க்கும் பழக்கம் ஆகியன வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. ஆயினும் மடங்கிய விரல் எப்பொருளையும் நுனியாலேயே பற்றுவதால் அழுத்தம் முழுவதும் ஓரிடத்தில் விழுந்து புண்ணாகிறது. நிமிர்ந்த விரல் பொருளை முழுப் பரப்பாலும் தழுவுவதால் அழுத்தம் பரவுகிறது. எனவே உணர்ச்சியற்ற கைக்கே இத்திருத்தம் மிகவும் வேண்டியதாகிறது.

நான்காவது, எழுத்தில் வராததும் பேச்சில் வல்லதுமான நியாயம்: இது நஸீபு, விதி என்பது. நோயைப் படைத்தவனே நிவாரணத்தையும் படைத்தான் என்று நம்பும் சமூகத்தில் இவ்வாதத்துக்கு இடமே இல்லை. காய்ச்சலுக்கு வைத்தியசாலை செல்பவரும், கண்ணில் படலம் விழுந்தால் சத்திரசிகிச்சை செய்துகொள்பவரும் மடங்கிய கைக்கு மட்டும் விதியைத் துணைக்கழைப்பது முரணாகும். விதி என்று சொல்லப்படுவது பெரும்பாலும் கூச்சமே. திருமண வயதுப் பெண்ணுள்ள வீட்டில் நோயை மறைக்கின்றனர். மறைத்த மாதங்களில் நரம்பு சாகிறது. நரம்பு செத்தபின் மறைக்க முடியாத அடையாளம் கையில் ஏறுகிறது. அடையாளத்துக்கு அஞ்சியவர் அடையாளத்தையே விலைக்கு வாங்குகின்றனர்.

இவ்விடத்தில் ஊரின் ஈகையையும் வினவ வேண்டியுள்ளது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாயிலில் நீளும் கையில் காசு இடுவதை எவரும் குறைகூறார். ஆனால் அக்கை ஏன் நீளுகிறது, அது நிமிரத்தக்க கையா என்று வினவாது ஆண்டுக்கணக்காகக் காசு இடுவது, அக்கையை அந்நிலையிலேயே வைத்திருப்பதற்குச் சமமாகிவிடும். சத்திரசிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு மாதத்தைக் கொள்ளும். நாட்கூலியை நம்பிய குடும்பத்துக்கு அவ்விரண்டு மாதமே பெருந்தடை. இந்திய அரசு இத்தகைய சத்திரசிகிச்சை பெறுவோருக்கு வழங்கும் உதவித்தொகை 8,000 ரூபாவாக இருந்து, 2023 ஏப்ரல் முதல் 12,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது அத்தடையை உணர்ந்தமையாலாகும். இக்கரையோர ஊர்களில் பள்ளிவாசல்களினூடாக ஸகாத்தைக் கூட்டாகச் சேகரித்து வழங்கும் வழக்கம் உண்டு. தையல் இயந்திரமும் தோணியும் வாங்கிக் கொடுக்கும் அந்நிதி, ஒரு நெசவாளியின் இரண்டு மாதக் கூலியையும் பயணச் செலவையும் ஏற்குமாயின், அடுத்த ஆண்டு அவர் பெறுவோர் வரிசையில் நிற்க வேண்டியிராது.

செய்யவேண்டியவை கடினமானவையல்ல. மருந்து முடித்தோரின் பெயர்களை ஒதுக்கிவிடாது கைகளுக்கெனத் தனிப் பதிவேடு பேணப்படல் வேண்டும். ஓர் ஆண்டளவாக மாற்றமின்றி நிற்கும் செயலிழப்பும், நெகிழ்ந்த மூட்டும், தணிந்த நோயும் உடையவர் சத்திரசிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படல் வேண்டும். மூட்டு இறுகிவிட்டால் வாய்ப்பும் இறுகிவிடும் என்பதால், அதுவரை எண்ணெய் தடவி விரலை நீட்டும் பயிற்சியை வீட்டார் கற்றல் வேண்டும். பல்கலைக்கழகத்தாருக்கும் இதில் பங்குண்டு. இத்துறையின் அறிவு வேலூரிலும் செங்கற்பட்டிலும் தமிழ் பேசும் நோயாளரின் கைகளிலேயே பெறப்பட்டது. எனினும் அது ஆங்கில ஏடுகளில் உறங்குகிறது. நரம்பு தடிப்பதன் அறிகுறி யாது, சுண்டுவிரல் விலகாவிடின் எங்கே செல்ல வேண்டும், எத்தனை மாதத்துக்குள் செல்ல வேண்டும் என்பவற்றை மருதமுனை நெசவாளியும் பாலமுனை மீனவனும் படித்தறியும் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதுவது தமிழ்ச் சங்கங்களின் தகுதிக்குக் குறைந்த பணியன்று.

நோயாளர் தொகை குறைந்ததைக் கொண்டாடுவதில் தவறில்லை. எனினும் அக்கொண்டாட்டத்தின் விருந்தில் சஹனைச் சுற்றி ஐவர் அமர, ஆறாமவர் கையைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு வாசலில் நிற்பாராயின், எண்ணிக்கை எதனைக் கணித்தது என்ற வினா எழுந்தே தீரும். பதிவேட்டில் ஒரு பெயரை வெட்டுமுன், அப்பெயருக்குரியவரைக் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். விரல்கள் நீளாவிடின் அப்பெயர் அங்கேயே இருக்கட்டும்.